கேட் போனது, கேட் கீப்பரும் போனார்: துடையூர் சுரங்கப்பாதையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. மழை தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

2021 செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை. தமிழ்க் கணக்கில் புரட்டாசி முதல் தேதி. அன்று இரவு நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பொம்மாடிமலை பக்கம் உள்ள துடையூரில், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் மழைநீர் நிரம்பிக் கிடந்தது. அதற்குள் இறங்கிய கார் ஒன்று பாதியில் நின்றுபோனது. காரில் இருந்தவர்கள் இரண்டு பேர். மாமியாரை அங்கிருந்தவர்கள் காப்பாற்றினார்கள். மருமகள், ஓர் அரசு மருத்துவர், உயிரோடு வெளியே வரவில்லை. ஊர்மக்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். சில நாள் செய்தித்தாள்களில் வந்தது. பிறகு வேறு செய்திகள் வந்தன.

தண்ணீருக்கே வழியில்லாத வறண்ட மாவட்டம் என்று பெயரெடுத்த நம் ஊரில், சாலையில் போன ஒருவர் தண்ணீரில் மூழ்கி இறந்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். இந்தப் பள்ளம் அந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தால் அது சுமார் 90 ஆண்டுக் கதை. நான் பள்ளியில் நடத்தியது இயற்பியல்தான். வரலாறு ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட ஆசை. இந்தப் பதிவில் இரண்டும் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1929-ல், திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. அடுத்த ஆண்டு அது மானாமதுரை வரை நீண்டது. தென்னிந்திய ரயில்வே போட்ட பாதை. திருச்சியிலிருந்து கீரனூர், நார்த்தாமலை வழியாகத் தெற்கே வரும் அந்தத் தடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மழைநீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். தண்டவாளமோ வடக்கிலிருந்து தெற்கே ஓடும். ஆக, ரயில் போட்ட அன்றே ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே பல மைல் நீளத்துக்கு ஒரு மண்கரை எழுந்துவிட்டது.

இந்த மண்ணில் கரை போடுவது புதிதல்ல. வற்றாத ஆறு இல்லாத ஊர் இது. பல்லவர் காலத்திலிருந்தே கண்மாயும் குளமும் வெட்டித்தான் பிழைத்திருக்கிறோம். மேட்டுக் கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக உபரிநீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. எந்த ஓடை எங்கே சேரும், எந்த வயல் வழியாக வாரி போகும் என்று ஊருக்கு ஊர் நாலு பெரியவர்களாவது விரல் நுனியில் வைத்திருப்பார்கள். ரயில்வே பொறியாளர்களும் ஓடை குறுக்கிடும் இடத்தில் பாலமும் மதகும் கட்டித்தான் கரையைக் கொண்டுபோனார்கள்.

ஆனால் மனிதர்கள் தண்டவாளத்தைக் கடந்த இடமெல்லாம் மேலேயேதான் இருந்தது. மாட்டு வண்டி கரையேறி, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கும். பெரிய சாலை என்றால் கேட்டும், கேட் கீப்பரும், அவருக்கு ஒரு சின்ன அறையும் இருக்கும். கிராமத்துப் பாதை என்றால் ஒரு பலகை மட்டும். ஆளில்லா ரயில்வே கேட் என்று நாம் சொன்னது அதைத்தான். (கேட்டும் இல்லை, ஆளும் இல்லை. இருந்தாலும் அதற்குப் பெயர் கேட்!)

மீட்டர் கேஜ் காலத்தில் ரயில் மெதுவாக வந்தது, ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். அகலப்பாதையாக மாறிய பிறகு வேகமும் கூடியது, கிராமங்களில் பைக்கும் டிராக்டரும் பள்ளி வேனும் பெருகின. நாடு முழுக்க ஆளில்லா கேட்டுகளில் விபத்துகள் நடந்துகொண்டே இருந்தன. 2012-ல் ரயில் பாதுகாப்பு பற்றி அறிக்கை கொடுத்த அனில் ககோத்கர் குழு, எல்லா லெவல் கிராசிங்குகளையும் ஐந்தாண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2014 ஜூலையில் மேடக் மாவட்டம் மாசாயிப்பேட்டையிலும், 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசம் குஷிநகரிலும் பள்ளி வாகனங்கள் மீது ரயில் மோதிப் பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு வேலை அவசர கதியில் நடந்தது. 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப்பாதையில் ஆளில்லா கேட் ஒன்றுகூட இல்லை என்று ரயில்வே அறிவித்தது.

இதைச் சாதனை இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. எத்தனையோ குழந்தைகள் இதனால் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.

ஆனால் கேட்டை எப்படி ஒழித்தார்கள்? சில இடத்தில் ஆள் போட்டார்கள். சில இடத்தில் பாதையையே மூடிப் பக்கத்துக் கேட்டோடு இணைத்தார்கள். நிறைய இடத்தில் கான்கிரீட் பெட்டிகளைத் தண்டவாளத்துக்கு அடியில் இறக்கிச் சுரங்கப்பாதை ஆக்கினார்கள். பெட்டியை முன்னமே வார்த்து வைத்து, ரயிலைச் சில மணி நேரம் நிறுத்தி, மண்ணை வெட்டி, கிரேனால் தூக்கி வைத்து மூடிவிடலாம். மேம்பாலத்தோடு ஒப்பிட்டால் செலவும் கொஞ்சம், நாளும் கொஞ்சம். கரை உயரமாக உள்ள இடத்தில் பெட்டி தரைமட்டத்திலேயே உட்கார்ந்துவிடும், பிரச்சினை இல்லை. கரை தாழ்வான இடத்தில் உயரம் போதாது. அப்போது சாலையைத்தான் கீழே தோண்ட வேண்டும்.

தண்ணீர் ஓடும் வழிக்குக் குறுக்கே ஒரு கரை. அந்தக் கரையில் இருப்பதிலேயே தாழ்வாக ஒரு பள்ளம். அங்கே தண்ணீர் வராமல் வேறெங்கே போகும்? நாலு பெரியவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இப்போது இயற்பியல் வாத்தியார் கொஞ்சம் உள்ளே வருகிறேன். கணக்குக்காக ஒரு சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்வோம் (துடையூர் அளவு அல்ல, பொதுவான ஓர் அளவு). அகலம் 5 மீட்டர். நடுவில் 10 மீட்டர் சமதளம். இருபுறமும் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவு. இதில் 1.8 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க எவ்வளவு வேண்டும்? சுமார் 4 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஒரு ஏக்கர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீரும் அதே 4 லட்சம் லிட்டர்தான்! பக்கத்து வயல் ஒரே ஒரு ஏக்கர் பள்ளத்துக்குள் வடிந்தால் போதும்.

சரிவுப் பாதையின் மேலேயே நேராக விழும் மழையை மட்டும் எடுத்துக்கொண்டால்? அதே 10 செ.மீ. மழைக்கு நடுவில் 40 செ.மீ. அளவுதான் நிற்கும். முழங்காலுக்குக் கீழே. இதனால்தான் சுரங்கப்பாதைக்கு மேலே தகரக் கூரை போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. கூரை முழங்கால் தண்ணீரைத் தடுக்கும். ஆள் உயரத் தண்ணீர் பக்கவாட்டில் வருகிறது. அதைத் தடுப்பது நுழைவாயிலில் சாலையை மேடாக்குவதும், சுற்றிலும் வாய்க்கால் எடுத்துத் திருப்பிவிடுவதும்தான். மோட்டார் வைத்து இறைப்பது மூன்றாவது வழி. அதற்கு மின்சாரம் வேண்டும். நம் ஊரில் இடியோடு மழை வந்தால் முதலில் போவது எது என்று உங்களுக்குத் தெரியும்.

அதைவிட முக்கியம், உள்ளே மாட்டிக்கொண்ட மனிதரின் கணக்கு. நின்றுபோன கார் என்பது அந்த நேரத்தில் வண்டி அல்ல, தண்ணீருக்குள் இருக்கும் ஒரு சின்ன அறை. அதில் இருப்பவர் அந்த நிமிடம் முதல் பாதசாரி. கதவின் வெளியே அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, உள்ளே இன்னும் நிரம்பவில்லை என்று வையுங்கள். ஒரு மீட்டர் அகலக் கதவின் மேல் அழுத்தும் விசை 125 கிலோ எடைக்குச் சமம். கீல் ஒரு பக்கம் இருப்பதால் கைப்பிடியில் அதில் பாதி, 62 கிலோ தள்ள வேண்டும். உட்கார்ந்தபடி, பதற்றத்தோடு, ஒரு தோளால். தண்ணீர் இரண்டு மடங்கானால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். ஒரு மீட்டரில் கைப்பிடியில் 250 கிலோ! பத்தாம் வகுப்பில் நாம் படித்த நீர்ம அழுத்தம்தான் இது. அந்த நேரத்தில் யாருக்கு நினைவு வரும்?

ஆகவே தண்ணீரில் வண்டி நின்றால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கும் நேரம்தான் உயிரைக் குடிக்கும் நேரம். சீட் பெல்ட்டைக் கழற்று, பக்கக் கண்ணாடியை உடனே இறக்கு, அதன் வழியே வெளியே வா. மின்சாரம் செத்துவிட்டால் கண்ணாடி இறங்காது. முன் கண்ணாடியை உடைக்கப் பார்க்காதே, அது பல அடுக்குக் கண்ணாடி, விரிசல் விடுமே தவிர வழிவிடாது. பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான இரும்பால் அடித்தால் தூளாகும். வெளியே வந்ததும் எதிர்க்கரைக்குப் போகாதே, வந்த வழியே திரும்பு. நான் சொன்ன சரிவில் 20 அடி பின்னால் நடந்தால் ஓர் அடி ஆழம் குறையும். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. (வகுப்பறைப் பழக்கம், ஒருமையில் அதட்டுகிறேன். மன்னிக்கவும்.)

நடந்து போகிறவர்களுக்கும் இதே கதைதான். கலங்கல் தண்ணீரில் ஆழம் தெரியாது. ஓரத்து வடிகாலின் கம்பி மூடி பெயர்ந்திருந்தால் கால் உள்ளே போகும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் தேங்கிய நீர் ஈரச்சாலை மாதிரியே மின்னும். புல்லுக்கட்டோடு வரும் அம்மாவும், சைக்கிளில் டியூஷன் போய்வரும் பையனும் தினம் போகிற பாதைதானே என்ற நம்பிக்கையில்தான் இறங்குகிறார்கள்.

துடையூருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, 2021 ஜூலை 20 அன்று, சீனாவின் செங்சௌ நகரில் ஒரே மணி நேரத்தில் 20 செ.மீ. மழை கொட்டியது. பாதாள ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து, பயணிகள் கழுத்தளவு நீரில் நின்றார்கள். 14 பேர் இறந்தார்கள். ஜப்பானில் இது இன்னும் பழைய பாடம். 1999 ஜூனில் ஃபுகுவோகா நகரில் ஆறு பெருகி ஹகாட்டா ரயில் நிலையத்தைச் சுற்றி வெள்ளம் வந்தபோது, கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த உணவகத்தில் வேலை செய்தவர் வெளியே வர முடியாமல் மாண்டார். அதற்குப் பிறகு கியோட்டோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நிஜ அளவில் படிக்கட்டும் கதவும் காரும் செய்துவைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, மனிதர்களை ஏறச் சொல்லிப் பார்த்தார்கள். தெருவில் தண்ணீர் 30 செ.மீ. அளவை நெருங்கினாலே படிக்கட்டில் பாயும் நீரை எதிர்த்து ஏறுவது பெரும்பாலோருக்கு ஆபத்து என்று தெரிந்தது. வெறும் ஓர் அடி! வாத்தியாராக எனக்கு அந்தச் சோதனை மேல் பொறாமை உண்டு.

2024 ஜூலை 27 அன்று தில்லி பழைய ராஜேந்திர நகரில் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் மூன்று மாணவர்கள் இறந்ததும் இதே கணக்கில்தான் வருகிறது. தெருவில் தேங்கிய நீர் திடீரென்று உள்ளே பாய்ந்தது. பொருள் வைக்க மட்டும் அனுமதி வாங்கிய அடித்தளம் அது. நம் மாவட்டத்திலும் அடித்தளக் கடைகளும் வண்டி நிறுத்துமிடங்களும் பெருகிவருகின்றன. ஒரே படிக்கட்டு உள்ள அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று கேட்ட உடனே, காலணி நனையும் முன்பே, மேலே வந்துவிட வேண்டும். பையை எடுக்கத் திரும்பக்கூடாது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மழைக்காலத்தில் ரயில்வேயில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இரவில் பேட்ரோல்மேன் ஒருவர் கையில் விளக்கும், அபாயம் என்றால் வெடிக்கும் சிக்னலும் எடுத்துக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய தூரத்தை நடந்தே பார்ப்பார். கரை அரித்திருந்தால் ரயிலை நிறுத்துவார். வெள்ளம் ரயிலுக்கு என்ன செய்யும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 விடியலில் அரியலூர் பக்கம் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டதும், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் எங்கள் வீடுகளில் பல காலம் பேசப்பட்ட கதை.

தண்டவாளத்தின் மேலே போகும் ரயிலுக்கு, மழை இரவில் ஒரு மனிதர் நடக்கிறார். அதே தண்டவாளத்துக்கு அடியில் போகும் மனிதருக்கு யார் இருக்கிறார்கள்?

ஆள் இருந்த கேட்டில் கேட் கீப்பர் இருந்தார். சங்கிலியைப் போட்டுவிட்டு "இருங்க, வண்டி வருது" என்பார். அவரைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் அவர் நிறுத்தினால் நின்றோம். ஆளில்லாக் கேட்டின் குறை, அங்கே கேட் இல்லை என்பது மட்டுமல்ல, நிறுத்த ஒரு ஆள் இல்லை என்பதுதான். சுரங்கப்பாதை போட்டபோது ரயில் மோதும் ஆபத்து போய்விட்டது. நிறுத்த ஆள் இல்லாத குறை அப்படியே இருந்தது. முன்பு ஆளில்லாக் கேட், பிறகு ஆளில்லாப் பள்ளம்.

தென்கொரியாவில் இதே குறைதான் 14 உயிரைக் குடித்தது. 2023 ஜூலை 15 காலை, சொங்ஜு நகர் அருகே ஓசொங் சுரங்கச் சாலைக்குள் ஆற்றுவெள்ளம் புகுந்தது. அபாயம் என்று முன்கூட்டியே எச்சரிக்கை போயிருந்தது. ஆனாலும் சாலையை யாரும் மூடவில்லை. பேருந்தும் கார்களும் வழக்கம்போல உள்ளே போயின. அங்கே தப்பியவர்களில் மூன்று பேரைத் தூக்கிவிட்டவர் ஒரு லாரி ஓட்டுநர். துடையூரிலும் ஓர் உயிரை மீட்டது அங்கே இருந்த சாமானியர்கள்தான். ஓசொங்கில் அரசின் விசாரணை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றியது: மூடியிருக்க வேண்டியவர் யார்? நம் சுரங்கப்பாதைகளில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. பெட்டி ரயில்வேயுடையது, சாலை ஊராட்சியுடையதோ நெடுஞ்சாலைத் துறையுடையதோ, தண்ணீர் யாருடையதும் அல்ல. 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிளில் ஓர் இளம்பெண், 2024 செப்டம்பரில் ஃபரிதாபாத்தில் இரண்டு வங்கி ஊழியர்கள், எல்லாம் இதே மாதிரி தண்ணீர் நிரம்பிய பாதைகளில்தான்.

சென்னையில் பெருமழை என்றால் சுரங்கப்பாதைகளின் இருபுறமும் தடுப்பு வைத்து போலீஸ்காரரை நிறுத்துகிறார்கள், எந்தெந்தப் பாதை மூடியிருக்கிறது என்று அறிவிக்கிறார்கள். குறைகள் இருந்தாலும் அங்கே நிறுத்த ஓர் ஆள் வந்துவிட்டார். கிராமத்துக்கு போலீஸ்காரரை அனுப்ப முடியாது, சரி. ஆனால் ஒவ்வொரு சுரங்கப்பாதைக்கும் பக்கத்தில் ஒரு வீடாவது இருக்கும். அந்த வீட்டில் ஒருவரிடம் சங்கிலியும் பூட்டும் கொடுத்து, மழைக்கால மாதங்களுக்கு ஊராட்சி ஒரு தொகை கொடுக்கட்டும். சுவரில் அடிக்கு அடி கோடு போட்டு, ஓரடிக் கோட்டுக்குச் சிவப்பு அடித்து, தண்ணீர் அதைத் தொட்டால் சங்கிலி விழ வேண்டும் என்று தீர்மானம் போடட்டும். முன்பு கண்மாய்க்கு மடைக்காரர் இருந்தது மாதிரி. பெருமழையில் நடு ராத்திரியில் எழுந்து மடையைப் பார்க்கப் போன மனிதர்களுக்கு இது புதிய வேலையே அல்ல.

இன்னொன்று. துடையூர் விபத்து நடந்தது செப்டம்பரில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்கும். அரசு அலுவலகங்களில் முன்னெச்சரிக்கைக் கூட்டம், மோட்டார் சரிபார்ப்பு எல்லாம் அந்தக் கணக்கில் நடக்கும். ஆனால் ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் சுட்டெரித்துவிட்டு மாலையில் இடியோடு கொட்டும் மழை நமக்கு எப்போதும் உண்டு. அந்த மழைக்கு எந்தக் கூட்டமும் நடப்பதில்லை. சங்கிலி கொடுப்பதாக இருந்தால் ஆவணி பிறக்கும்போதே கொடுக்க வேண்டும்.

அடுத்த கிராமசபைக்கு இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் இப்படிச் சுரங்கப்பாதை இருந்தால் ஊர்ப்பெயர், எந்தக் கண்மாயின் வரத்து அந்தப் பக்கம் வருகிறது, மழைக்கு எவ்வளவு ஆழம் நிற்கிறது என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். ஆழத்தை அடிக்கணக்கில் சொல்லத் தெரியாவிட்டால் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று எழுதினாலும் போதும். மனுவோடு சேர்த்துவிடுகிறேன்.